இரண்டு சாவிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி

வசுமதி வங்கிக்கு ஆகமாட்டாள் என்று 2002 ஜூன் மாதமே தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர்கள் இரண்டு பேர். அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் அந்த இரண்டு பேரும் வேறு எதிலும் ஒத்துப்போனதில்லை. அந்த வகையில் பார்த்தால் அது அவளுக்கு ஒரு கௌரவம்தான். அவள் அப்படிப் பார்க்கவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கிடைத்த சான்றிதழில் 'பயிற்சிக்கு வந்திருந்தார்' என்பதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இப்போது சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். மேலே இருப்பவர் சொல்வதைக் கீழே இருப்பவருக்கு வலிக்காமல் சொல்வதற்காக அங்கே மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். வங்கியில் வாங்கியிருக்கக்கூடியதைவிட அதிகம்.

அவளுடைய அப்பா அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஆனால் வசுமதிக்கு ஊர் என்றால் அணுபுரம் குவார்ட்டர்ஸ்தான். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே நேரத்தில் கிளம்பும் பஸ்கள், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை வைத்து நேரம் சொல்லிவிடலாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாசலில் தன் பெயர்ப்பலகை தொங்கும் அறைக்குள் உட்கார்ந்திருந்த ஒரே பெண்ணை அவள் பார்த்தது வங்கியில். பள்ளிக்கூட நாளில் அப்பாவோடு போனபோது அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கே வசுமதி முடிவு செய்துவிட்டாள், ஆவதென்றால் வங்கி அதிகாரிதான் என்று.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. முதல் வருடம் முடித்திருந்தாள். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் வேலை பழகிவிட்டு வர வேண்டும் என்பது கல்லூரியின் விதி. வேலை பழகுவது என்பது கல்லூரியின் நம்பிக்கை. நிறுவனங்களைப் பொறுத்தவரை அது, யார் வீட்டுப் பிள்ளையையோ வெயில் தாழும்வரை உட்காரவைத்து அனுப்புவது. மாமல்லபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வங்கிக் கிளை அவளை உட்காரவைக்க ஒப்புக்கொண்டது.

கிளை மேனேஜர் ராகவனுக்கு நாற்பது வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கல்லூரி கொடுத்த கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "பேங்க்ல என்னம்மா கத்துக்கணும்?" என்று கேட்டார்.

"எல்லாமே சார்."

"எல்லாமே எனக்கே தெரியாதேம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியைப் போடச் சொன்னார். கிளைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர்கள் வந்து இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. மேனேஜரின் கண்ணாடி அறைக்கும், கம்பி வலை போட்ட கேஷ் கூண்டுக்கும் நடுவில்தான் ஒரு நாற்காலி கொள்ளும் இடம் மிஞ்சியிருந்தது. அங்கே போட்டார்கள்.

கூண்டுக்குள் இருந்தவர் ராஜாராம். தலைமைக் காசாளர். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், செங்கல்பட்டுக்காரர். பணம் வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், மற்றொன்று இவரிடம். இரண்டும் சேர்ந்து திரும்பினால்தான் கதவு திறக்கும். யாரும் யாரையும் முழுசாக நம்பிவிடக் கூடாது என்பதுதான் வங்கித் தொழிலின் அஸ்திவாரம். இந்த இரண்டு பேரும் அந்த அஸ்திவாரத்தைத் தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். தினமும் காலையில் இருவரும் தோளோடு தோள் நின்று கதவைத் திறப்பார்கள். முகத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

பேச வேண்டியதை இடையில் சுமந்துகொண்டு நடந்தவர் பியூன் சின்னையன். வசுமதியின் நாற்காலி நடுவில் வந்து விழுந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நாலு வருசமா நடந்து நடந்து என் காலு தேஞ்சிபோச்சி பாப்பா. நீதான் நடுவுல குந்திகினு கீறியே, இனிமே நீயே பாத்துக்க" என்றார்.

"ஏன் பேசிக்க மாட்டாங்க?"

சின்னையன் சொன்னதன் சுருக்கம் இது. பல வருடம் முன்னால் செங்கல்பட்டு கிளையில் ராகவன் கிளார்க்காக வந்து சேர்ந்தபோது வேலை சொல்லிக்கொடுத்தவர் ராஜாராம். அப்போது அண்ணன் தம்பி போல இருந்தார்கள். ராகவன் பரீட்சை எழுதி அதிகாரியாகி ஊர் ஊராகச் சுற்றினார். ராஜாராம் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இந்தக் கிளைக்கு மாற்றல் வாங்கிவந்து இங்கேயே இருந்தார். ராகவன் மேனேஜராக இதே கிளைக்கு வந்த முதல் நாள் காலையில் ராஜாராம் சந்தோஷத்தில், "டேய் ராகவா, சாவிய எடுத்துகினு வாடா" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். ராகவன் வாடிக்கையாளர்களைப் பார்த்தார். "மிஸ்டர் ராஜாராம், இங்க நான் மேனேஜர்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு 'சார்' என்று கூப்பிட ராஜாராமுக்கு வாய் வரவில்லை, 'டா' என்று கூப்பிட வழியும் இல்லை. ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் கூப்பிடாமலே காலத்தைத் தள்ளிவிடுவது நம்மிடையே இருக்கும் பழக்கம். மாமனார் வீட்டில் இப்படியே ஆயுள் முழுவதும் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் தூது அன்று மதியமே வந்தது. ராகவன் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "அந்த ஆள்கிட்ட சொல்லும்மா. அழுக்கு நோட்டா குடுக்கறார்னு கஸ்டமர் என்கிட்ட வந்து கத்தறாங்க. கண்ணைத் திறந்து பாத்து எடுத்துக் குடுக்கச் சொல்லு."

வசுமதி கூண்டருகே போனாள். "சார், நல்ல நோட்டா இருந்தா பாத்துக் குடுக்க முடியுமான்னு மேனேஜர் சார் கேட்டார்."

ராஜாராம் மூக்குக்கண்ணாடிக்கு மேல் வழியாக அவளைப் பார்த்தார். "கேட்டானா? நோட்டு அடிக்கிற மிஷின வூட்ல வெச்சிகினு கீறேனான்னு போய்க் கேளு."

அவள் திரும்பி வந்து, "பாக்கறேன்னு சொன்னார் சார்" என்றாள்.

இதில் அவளுக்குச் சூது எதுவும் கிடையாது. பழக்கம்தான். வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தால் பேச்சு வசுமதி வழியாகத்தான் போகும். "தட்டு வெச்சாச்சு, வேணும்னா வந்து கொட்டிக்கச் சொல்லு" என்று அம்மா சொன்னால், அவள் கூடத்துக்குப் போய், "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க" என்பாள். அப்படிச் சொல்லாவிட்டால் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டிருந்தாள். சின்னையன் வேறு ரகம். அவர் கேட்டதைக் கேட்டபடி சொல்வார், காரம் போதாது என்று தோன்றினால் கொஞ்சம் சேர்த்தும் சொல்வார்.

"ஏசி ரூம்ல குந்திகினு கீறவனுக்கு இன்னா தெரியும், இங்க ஃபேனு நின்னு ஒரு மாசமாவுது" என்பது ராஜாராம் சொன்னது. "கூண்டுல ஃபேன் ஓடலையாம் சார், கொஞ்சம் பாக்க முடியுமான்னார்" என்பது போய்ச் சேர்ந்தது. ராகவன் அன்று சாயங்காலமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "போட்டாச்சுன்னு சொல்லு. இனிமே வேற குறை கண்டுபிடிக்கட்டும்" என்றார். "காத்து நல்லா வருதான்னு கேக்கறார் சார்" என்றாள் வசுமதி கூண்டுக்குப் போய். ராஜாராம் ஃபேனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் ஸ்ட்ராங் ரூம் கதவைத் திறந்ததும், முன்னால் நுழையாமல் ஒதுங்கி நின்று மேனேஜருக்கு வழி விட்டார்.

"இன்னா பாப்பா, மந்திரம் போட்டியா?" என்றார் சின்னையன்.

வசுமதியின் ப்ராஜெக்ட், கம்ப்யூட்டர் வந்த பிறகு வாடிக்கையாளர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்பது. கம்ப்யூட்டர் பாதி நாள் வேலை செய்யவில்லை. மீதி நாளில் திருப்தியைப் பற்றி யாரும் நின்று பேசவில்லை. அவளும் அதை மறந்துவிட்டாள். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சமாதானம் பண்ணுவதில் ஒரு ருசி கண்டுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூன் நடுவில் வட்டார அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் இந்தக் கிளையில் ஒரு ஆள் அதிகம். ஒருவரைக் கும்மிடிப்பூண்டி கிளைக்கு விடுவிக்க வேண்டும். அதிக காலம் இதே கிளையில் இருப்பவர்தான் முதலில் போக வேண்டும், மேனேஜர் அவரை நிறுத்திவைக்கக் காரணம் எழுதினால் ஒழிய. அதிக காலம் இருப்பவர் ராஜாராம். பட்டியலில் அடுத்தவரான குமார் பொன்னேரிக்காரர். கும்மிடிப்பூண்டி என்றால் சைக்கிளிலேயே போய்விடுவார், சந்தோஷமாகப் போய்விடுவார். அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததை முன்வந்து சொல்லும் வழக்கம் குமாருக்கும் இல்லை.

சின்னையன் அன்று கலங்கிப்போயிருந்தார். "இவரு போனாருன்னா அந்த அம்மா செத்துப்பூடும் பாப்பா" என்றார்.

ராஜாராம் மதியம் டி.வி.எஸ். வண்டியில் பூஞ்சேரிக்கு, வீட்டுக்குப் போய் வருவார். சாப்பிடத்தான் போகிறார் என்று வசுமதி நினைத்திருந்தாள். அவர் ஊட்டப் போகிறார். மனைவி வரலட்சுமிக்கு மூன்று வருடம் முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. குழந்தைகள் இல்லை. காலையில் ஒரு பக்கமாகப் படுக்கவைத்துவிட்டு வருவார், மதியம் போய் ஊட்டி மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வருவார். வேறு யார் ஊட்டினாலும் அந்த அம்மாள் வாயைத் திறப்பதில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் போனால் விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும்.

"மேனேஜருக்கு இது தெரியாதா?"

"ஏன் தெரியாது? செங்கல்பட்டுல தனியாளா ரூம் எடுத்துகினு இருந்தப்போ ரெண்டு வருசம் அந்த அம்மா குடுத்து வுட்ட டிபன் பாக்ஸ்லதான் துன்னாரு. அண்ணி அண்ணின்னு உசுரா இருப்பாரு. அது படுத்து மூணு வருசமாவுது. ஒரு நாளு போய்ப் பாக்கல. ராஜாராம் சாருக்கு அதாம்மா ஆத்திரம். சார்னு கூப்புடற தகராறெல்லாம் சும்மா."

வசுமதி ராஜாராமிடம் போய், மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள். அவர் நோட்டுக் கட்டை வைத்துவிட்டு, "நான் எதுக்கும்மா கேக்கணும்? அவனுக்குத் தெரியாதா?" என்றார். மேனேஜரிடம் போனாள். "அவர் ஒரு வார்த்தை கேட்டா எழுதறேன். கேக்காம நானா எழுதினா, உன் பிச்சை எனக்கு வேணாம்னு ஹால்ல நின்னு கத்துவார். எனக்கு அவரைத் தெரியும்" என்றார் ராகவன். இரண்டு பேருக்கும் விருப்பம் ஒன்றுதான். நடுவில் ஒரு வார்த்தை, அதைச் சொல்ல ஆள் இல்லை. பெரிய மனிதர்களின் கௌரவம் எந்த அளவுக்கு முட்டாள்தனமாகப் போகும் என்பதை வசுமதிக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லியிருக்கவில்லை.

பெயர் அனுப்பக் கடைசி நாள் நெருங்கியதும் அவள் மேனேஜர் அறைக்குள் போனாள். "சார், ராஜாராம் சார் கேக்கச் சொன்னார். வீட்டுல முடியாம இருக்கறதால இந்த ஒரு தடவை நிறுத்தி வெக்க முடியுமான்னு."

ராகவன் பேனாவைக் கீழே வைத்தார். "அவரேவா சொன்னார்?"

"ஆமா சார்."

அவர் கடிதத் தாளை எடுப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு நேராகக் கூண்டுக்கு நடந்தார். நான்கு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

"எழுதிடறேன்" என்றார் ராகவன். "நீங்க கேட்டீங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. இதை என்கிட்ட நேர்லயே கேட்டிருக்கலாம்."

ராஜாராம் எழுந்து நின்றார். "நானா? நான் எங்க கேட்டேன்?"

இருவரும் திரும்பி வசுமதியைப் பார்த்தார்கள்.

அடுத்து நடந்ததைச் சின்னையன் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வங்கிக்காரர்கள். ஒரு கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டால் எல்லாக் கணக்கையும் சரிபார்த்துவிடுவார்கள்.

"நல்ல நோட்டா குடுக்க முடியுமான்னு நீ கேட்டியா இல்லியா?" என்றார் ராஜாராம்.

"கண்ணைத் திறந்து பாருன்னு சொன்னேன். பாக்கறேன்னு நீங்க சொன்னீங்களா?"

"மிஷின் வெச்சிகினு கீறேனான்னு கேட்டேன். ஃபேனு நான் கேக்கவே இல்ல ராகவா. உன்னைத் திட்டினேன்."

"திட்டினதுக்கா நான் ஃபேன் மாட்டினேன்?"

"காத்து வருதான்னு விசாரிச்சியே?"

"யாரு? நானா?"

இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்கள். வரிசையில் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, கேஷ் கவுன்டரில் இப்படி ஒரு வேடிக்கை எப்போதும் கிடைக்காது. கேட்க வேண்டிய வசவையெல்லாம் இரண்டு பேரும் நேருக்கு நேர் கேட்டுத் தீர்த்தார்கள். ஆறின வசவில் சூடு இல்லை. பேசிப் பேசி மூச்சு வாங்கியபோது திட்டுவதற்கு மீதி இருந்தது வசுமதி மட்டும்தான்.

"சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேக்கறதுதாம்மா பேங்க்" என்றார் ராகவன். "நூறுன்னு எழுதினா நூறு. நல்லதுன்னு தோணுச்சுன்னு நீயா அஞ்சு சேர்ப்பியா?"

"இந்தப் பொண்ணு பேங்க்குக்கு ஆவாது" என்றார் ராஜாராம்.

"ஆகாது" என்றார் ராகவன்.

அவள் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது இருவரும் அதே இடத்தில், அதே சிக்கலில் நின்றிருந்தார்கள். நான் கேட்க மாட்டேன் என்றார் ஒருவர். கேட்காமல் எழுதுவது எப்படி என்றார் மற்றவர். அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் ஸ்ட்ராங் ரூமுக்குள் வைத்துப் பூட்டியிருப்பாள், சாவி இருந்திருந்தால்.

ராஜாராம் மணி பார்த்தார். பெட்டியைப் பூட்டினார். "அவ பசியோட இருப்பா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

ராகவன் ஒரு அடி எடுத்துவைத்து நின்றார். வேலை நேரத்தில் சாவிக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கிளையை விட்டு வெளியே போகக் கூடாது. வசுமதியைப் பார்த்தார். "நீ அவர்கூடப் போ. அண்ணிகிட்ட நான் சொல்றதைச் சொல்லு. 'எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியாமத்தான் ராகவன் வரல. இன்னிக்கு சாயங்காலம் வரலாமா?' இதையாவது மாத்தாம சொல்லு."

ராஜாராம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போய் வண்டியைக் கிளப்பினார். அவள் பின்னால் ஏறிக்கொண்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

பூஞ்சேரி வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் வரலட்சுமி படுத்திருந்தார். ஒட்டிய உடம்பு, நெற்றியில் வைத்த பொட்டு கோணலாக இருந்தது, ராஜாராம் வைத்ததாக இருக்கும். அவர் ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து ஒவ்வொரு வாயாக ஊட்டினார். ஊட்டி முடித்துத் தட்டைக் கழுவக் கொல்லைப்புறம் போனதும் வசுமதி கட்டிலருகே குனிந்து, ராகவன் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

வரலட்சுமி அவளையே பார்த்தார். பிறகு இடது கையை மெல்லத் தூக்கினார். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார்.

"நான் சாப்பிட்டேம்மா" என்றாள் வசுமதி.

இல்லை என்பதுபோல் தலை அசைந்தது. கை வாசல் பக்கம் நீண்டது, மறுபடி விரல்களைக் குவித்து வாயருகே வந்தது.

"ராகவன் சாரா?"

வரலட்சுமி கண்ணை மூடித் திறந்தார்.

கிளைக்குத் திரும்பியதும் மேனேஜர் அறைக்குப் போனாள். "அண்ணி என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்றார் ராகவன். அவளும் இடது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினாள். ராகவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கடிதத் தாளை எடுத்து எழுதினார். கையெழுத்துப் போட்டு, அவரே எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போய் வலைக்கு அடியில் தள்ளினார்.

ராஜாராம் படித்தார். "நான் கேக்கலயே."

"நீங்க கேக்கல அண்ணே. அண்ணி கேட்டாங்க."

"அவளுக்கு இந்த டிரான்ஸ்ஃபரே தெரியாது. இன்னா கேட்டா?"

"நான் சாப்பிட்டேனான்னு."

ராஜாராம் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கூண்டுக் கதவின் கொக்கியை உள்ளிருந்து எடுத்துவிட்டார்.

"சரி," என்றார். "சாப்ட்டியா இல்லியாடா?"